"கிழவனை உக்கார வை" என்கிற கனவான்களுக்கு

டிஸ்கி: இது கூடைப்பந்து பதிவு. "கிரிக்கெட்டைத் தவிர எதுவும் ஆகாது"ங்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க, நடுவுல தோனி வருவார்.

விஷயம் ஆரம்பிச்சது ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில. 2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை காலை. அமெரிக்காவுல ராத்திரி நடக்கிற என்.பி.ஏ. ஆட்டம் நமக்கு விடியக்காலையில வரும். பல்லு விளக்காம போனைப் பாக்குற கூட்டம் எங்க ஊர்லயும் ஒரு எட்டுப் பத்துப் பேர் இருக்கோம். அன்னைக்கு லேக்கர்ஸ் அணி டொராண்டோவுல ஆடுச்சு. லெப்ரான் ஜேம்ஸ் 17 தடவை கூடையைப் பாத்து எறிஞ்சார், 4 தான் விழுந்துச்சு. மொத்தம் 8 பாயிண்ட். 2007 ஜனவரியில இருந்து தொடர்ச்சியா 1,297 ஆட்டம், ஒண்ணுல கூட பத்துக்குக் கீழ போகாத மனுஷன். அன்னைக்குப் போயிட்டார். வயசு 40, இன்னும் 26 நாள்ல 41.

எங்க கிளப்புல பொறுப்புல இருக்கிற நண்பர் ஒருத்தர், டீ கிளாஸை பெஞ்சு மேல டொக்குன்னு வெச்சார். "முடிஞ்சுதுடா கிழவன் கதை. ஜோர்டான் என்ன பண்ணான் தெரியுமில்ல? அவனுக்கும் இப்படித்தான் ஒருநாள் ஆச்சு. அடுத்த மேட்சுலயே 51 போட்டான். அதான்டா ஆம்பளை. ஒண்ணு அப்படி ஆடணும், இல்லாட்டி மூட்டையைக் கட்டணும்."

இதோட நின்னிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். அன்னைக்குக் கிளம்பின பேச்சு ஊதி ஊதிப் பெருசாகி, வர்ற கோடை லீவு டோர்னமெண்ட்டுல 35 வயசுக்கு மேல யாரும் எங்க டீம்ல ஆடக் கூடாதுன்னு ஒரு தீர்மானமா வந்து நிக்குது. ஓட்டெடுப்பாம். எனக்கு இப்ப 39. "ஓஹோ, உள்குத்து இருக்கு"ன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்: இருக்கு. ஆனா அது மட்டும் இல்ல.

முதல்ல நண்பரோட ஜோர்டான் கதையைப் பாப்போம். கதை நிஜம்தான். 2001 டிசம்பர் 27, இண்டியானாவுக்கு எதிரா 6 பாயிண்ட். பத்துக்குக் குறையாம 866 ஆட்டம் ஆடின சங்கிலி அன்னைக்கு அறுந்துச்சு. ரெண்டே நாள்ல, 29ஆம் தேதி சார்லட்டுக்கு எதிரா 51. வயசு 38. 2003 பிப்ரவரியில, 40 முடிஞ்ச நாலாவது நாள், 43 போட்டார். 40 வயசுல 40க்கு மேல போட்ட முதல் ஆள். கேக்கவே ரோமம் சிலிர்க்குது இல்ல? எனக்கும்தான்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு நண்பர் சொல்லல. வாஷிங்டன் விசார்ட்ஸ் அணி ஜோர்டான் ஆடின ரெண்டு சீசன்லயும் 37 வெற்றி, 45 தோல்வி. ரெண்டு தடவையும் அடுத்த சுத்துக்கே போகல. (நியாயமா ஒண்ணு சொல்லணும்: அவர் வர்றதுக்கு முந்தின வருஷம் அந்த அணி ஜெயிச்சது வெறும் 19. அந்த வரவு அவர் கணக்குலதான்.) முட்டியில ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, வலியோட, அடுத்த சீசன்ல 82 ஆட்டமும் ஆடினார். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனா இருபத்தெட்டு வயசுல ஆடின அதே ஆட்டத்தை நாற்பதுல ஆடிக் காட்டணும்ங்கிற வெறி இருந்துச்சு பாருங்க, அதைத்தான் நாம "கம்பீரமா முதிர்ந்தார்"னு கொண்டாடிட்டிருக்கோம்.

சரி, அந்த டொராண்டோ ஆட்டம் எப்படி முடிஞ்சுது? ஸ்கோர் சமம். கடைசி சில செகண்ட். பந்து லெப்ரான் கையில. 8 பாயிண்ட்ல நிக்கிறார். ஒரே ஒரு கூடை போட்டா அணியும் ஜெயிக்கும், பதினெட்டு வருஷ சங்கிலியும் பத்துல தப்பிச்சுக்கும். ரெண்டு பேர் தன் மேல வர்றதைப் பாத்தார், பந்தை மூலையில நின்ன ருய் ஹாசிமுராவுக்குத் தள்ளி விட்டார். ஹாசிமுரா மூணு பாயிண்ட் போட, மணி அடிச்சுது. 123க்கு 120. அன்னைக்கு அவர் கொடுத்து மத்தவங்க போட்ட கூடை மட்டும் 11.

இதைத்தான் எங்க நண்பர் "முடிஞ்சுது கதை"ங்கிறார்.

இந்த இடத்துல எங்க ஊர்த் தொழிலைக் கொஞ்சம் சொல்லணும். ஆம்பூர்னா பிரியாணின்னு நினைச்சுட்டிருக்கிற மெட்ராஸ்காரங்களுக்கு: பிரியாணி ஞாயித்துக்கிழமைக்கு, மத்த ஆறு நாளும் எங்களுக்குத் தோலும் ஷூவும்தான். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரைக்கும் பாலாத்தங்கரை பூரா இதே கதை. (2019ல மாவட்டத்தை மூணாப் பிரிச்சு எங்களைத் திருப்பத்தூர் பக்கம் தள்ளிட்டாங்க. இருந்தாலும் வெளியூர்ல யாராவது கேட்டா வாய் வேலூர்னுதான் சொல்லுது.)

ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்னு ஒண்ணு உண்டு. பதப்படுத்தி, சாயம் ஏத்தி, பளபளன்னு வந்த தோலை மேஜை மேல விரிச்சு, மேல அச்சு வெச்சு, மெஷின்ல அமுக்கித் துண்டு துண்டா எடுப்பாங்க. பாக்குறதுக்கு சுலபம். ஆனா ஆடு ஒண்ணும் ஷூவுக்காகப் பொறக்கல. முள்ளு கீறின தழும்பு இருக்கும், உண்ணி கடிச்ச புள்ளி இருக்கும். முதுகுப் பக்கம் இறுக்கமா இருக்கும், வயித்துப் பக்கம் இழுத்தா நீளும். ஷூவோட முன்பக்கத்துக்கு முதுகுத் தோல்தான் வேணும், உள்ள மறையற துண்டுக்கு வயித்துப் பக்கம் போதும். எந்தத் துண்டை எந்தத் திசையில வெச்சா தழும்பும் தப்பும், தோலும் வீணாகாதுன்னு அச்சை வைக்கிறதுக்கு முன்னாடியே கண்ணு கணக்குப் போடணும்.

புதுசா வந்த பையன் மணிக்கு எத்தனை துண்டு வெட்டறான்னு பாத்தா அசந்து போயிடுவீங்க. இருபது வருஷம் நின்னவர் அந்த வேகத்துக்கு வர மாட்டார். ஆனா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே அளவு தோலைக் கொடுத்துட்டு, சாயங்காலம் மீதி விழுந்த கழிவைத் தனித்தனியா அள்ளி எடை போட்டுப் பாருங்க. தோலு சதுர அடிக் கணக்குல காசு. பழைய ஆளை ஏன் வெச்சிருக்காங்கன்னு முதலாளிக்கு அந்தத் தராசு சொல்லிடும்.

வயசான ஆட்டக்காரனை "ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பாயிண்ட்"னு அளக்கிறது, கட்டிங் ஆளை மணிக்கு எத்தனை துண்டுன்னு மட்டும் அளக்கிற மாதிரி. தோல் ஊர்ல பொறந்துட்டு இது தெரியலைன்னா எப்படி?

இந்தத் தராசுல வெச்சுப் பாத்தா கதையெல்லாம் தலைகீழா மாறுது.

கோபி பிரையண்ட். 34 வயசுல, அணி எப்படியாவது அடுத்த சுத்துக்குப் போகணும்னு, தொடர்ந்து 40 நிமிஷத்துக்கு மேல ஆடிட்டிருந்தார் (முழு ஆட்டமே 48 நிமிஷம்தான்). 2013 ஏப்ரல் 12, குதிகால் நரம்பு அறுந்துச்சு. அறுந்த காலோட நின்னு ரெண்டு ஃப்ரீ த்ரோ போட்டுட்டுத்தான் வெளிய போனார். இதையும் வீரம்னு சொல்லி போஸ்டர் அடிச்சோம். அதுக்கப்புறம் வந்தது நாம ரசிச்ச கோபி இல்ல. கடைசி சீசன்ல லேக்கர்ஸ் 17 வெற்றி, 65 தோல்வி. 2016 ஏப்ரல் 13, கடைசி ஆட்டத்துல 60 பாயிண்ட். அந்த 60க்கு 50 தடவை எறிஞ்சார். நானும் அழுதேன், பொய் சொல்லல. ஆனா அது பிரிவு உபசார விழா. அதைப் போய் "கடைசி வரைக்கும் குறையாதவன்"ங்கிறதுக்கு ஆதாரமா நீட்டாதீங்க.

ஆலன் ஐவர்சன். என் காலேஜ் ஹாஸ்டல் சுவத்துல அவர் படம்தான் இருந்துச்சு. ஆறடி. தன்னை விட ஒரு அடி உசரமானவனுங்க நடுவுல புகுந்து வந்த ஆளு. 2009ல மெம்ஃபிஸ் அணி எடுத்துச்சு. முதல் அஞ்சு பேர்ல இல்லாம பெஞ்சுல இருந்து இறங்கணும்னாங்க. முடியாதுன்னார். மூணே ஆட்டம், கிளம்பிட்டார். 34 வயசு. கால் போறதுக்கு முன்னாடியே மனசு மாட்டேன்னுடுச்சு.

இதே பெஞ்சுல வின்ஸ் கார்ட்டரும் உக்காந்தார். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல ஏழடி ரெண்டங்குல பிரெஞ்சுக்காரர் தலைக்கு மேல தாண்டிக் கூடையில பந்தைத் திணிச்ச அதே கார்ட்டர். பறக்க முடியாம ஆனதும், தூரத்துல இருந்து எறியக் கத்துக்கிட்டார், சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், 22 சீசன் ஆடினார். 2020 மார்ச் 11, கொரோனாவால சீசனை நிறுத்தின ராத்திரிதான் அவரோட கடைசி ஆட்டம். "கார்ட்டர் வீணாப் போயிட்டான்"னு நாங்க பேசிச் சிரிச்ச வருஷங்கள் அதுல பாதி இருக்கும்.

எனக்குப் பிடிச்ச கதை கரீம் அப்துல் ஜப்பாரோடது. 1985 மே 27, பாஸ்டனுக்கு எதிரா இறுதிப் போட்டித் தொடரின் முதல் ஆட்டம். கரீமுக்கு 38. அன்னைக்கு 12 பாயிண்ட், ரீபவுண்ட் மூணே மூணு. 148க்கு 114ன்னு அணி உதை வாங்குச்சு. எல்லாப் பேப்பரும் கிழவனைப் புதைச்சாச்சு. மறுநாள் அந்த ஆட்டத்தோட வீடியோவை அணிக்குப் போட்டுக் காட்டினப்போ, கரீம் முன்வரிசையில வந்து உக்காந்து தன் தப்பு ஒவ்வொண்ணையும் பாத்தாராம். அடுத்த ஆட்டத்துல 30 பாயிண்ட், 17 ரீபவுண்ட். தொடரை லேக்கர்ஸ் ஜெயிச்சுது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் கரீம். 42 வயசு வரைக்கும் ஆடினார். காரணம் அவரோட ஸ்கை ஹுக். ஒருக்களிச்சு நின்னு ஒத்தைக் கையை உசத்தி வளைச்சு எறியற அடி. பெருசா எகிற வேண்டியதில்ல, ஓட வேண்டியதில்ல. காலு தேய்ஞ்சாலும் தேயாத ஒரு வித்தையை இருபது வயசுலயே கையில வெச்சிருந்தார். 1989ல அவர் ஓய்வு பெறும்போது இருந்த 38,387 பாயிண்ட் கணக்கை 2023 பிப்ரவரி 7ல்தான் ஒருத்தர் தாண்டினார். யாருன்னு சொல்லணுமா, அதே "கதை முடிஞ்ச கிழவன்"தான்.

நண்பர் இதுக்கும் ஒரு பதில் வெச்சிருந்தார்: "அவனுங்க காலம் வேற, இவன் காலம் வேற. லெப்ரானுக்குத் தனி விமானம், தனி சமையல்காரன், தனி டாக்டர்." இது நியாயமான பேச்சு. கரீம் தன் வாழ்நாள்ல பெரும்பாலும் சாதாரண விமானத்துல, ஏழடி ரெண்டங்குல உடம்பை மடிச்சு உக்காந்து, ஊர் ஊராப் போனவர். ஆக, ரெண்டு பேர் எப்படித் தேயறாங்கன்னு ஒப்பிடணும்னா அவங்க காலை மட்டும் ஒப்பிட்டா ஆகாது. சுத்தி இருக்கிறவங்க அவங்களை எப்படி வெச்சிருந்தாங்கன்னும் பாக்கணும். நண்பரே, நீங்க எனக்குத்தான் பாயிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கீங்க :-)

டிம் டங்கனைப் பாருங்க. சான் அன்டோனியோ கோச் போபோவிச், அவரோட ஆட்ட நேரத்தை முப்பது நிமிஷத்துக்குக் கீழ இறக்கினார். அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருந்தா ஒரு நாள் உக்கார வெச்சார். 2012 மார்ச்சுல ஒரு ஆட்டத்துக்கு ஸ்கோர் தாள்ல டங்கன் ஏன் ஆடலைங்கிற இடத்துல, முட்டி வலி, கணுக்கால் வலின்னு எதுவும் போடாம "கிழம்"னே போட்டாங்க. ஊரே சிரிச்சுது. டங்கன் சம்பளத்தைப் பாதிக்கு மேல குறைச்சுக்கிட்டு, அந்தக் காசுல மத்த ஆளுங்களை வெச்சுக்க விட்டார். 2014ல, 38 வயசுல, கோப்பை. 40ல, சத்தமே இல்லாம ஓய்வு. "உக்கார வை"ன்னா இப்படி உக்கார வைக்கணும். அடுத்த நாள் எழுப்பி ஆட விடறதுக்காக உக்கார வைக்கிறது.

தோனி எங்கேன்னு கேக்குறீங்களா, வந்துட்டார். 2025 மார்ச் 28, சேப்பாக்கத்துல பெங்களூருக்கு எதிரா 43 வயசு தோனி ஒன்பதாவது ஆளா இறங்கினார். ஆட்டம் எப்பவோ கையை விட்டுப் போயிருந்துச்சு, 50 ரன்ல தோல்வி. டி.வி. முன்னாடி நின்னு விசில் அடிச்சது யாரு? லெப்ரானை மூட்டை கட்டச் சொன்ன இதே கனவான்தான். முதுமைங்கிறது ஆளுக்கு ஆள் மாறுது போல. நமக்குப் பிடிச்சவர்னா அனுபவம், இல்லாட்டி கிழம்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, கோடீஸ்வரங்க கதை. நான் பேச வந்தது நம்ம கதை.

அனிதா பால்துரை பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? சென்னைப் பொண்ணு, தெற்கு ரயில்வே. கீத்து அன்னா ஜோஸ்? கோட்டயம், அவரும் தெற்கு ரயில்வேதான். அனிதா பொறந்தது 1985 ஜூன் 22. கீத்து 1985 ஜூன் 30. எட்டு நாள் வித்தியாசம். ஒரே ரயில்வே, ஒரே இந்திய அணி. வயசு எப்படித் தேய்க்கும்னு ஒப்பிட்டுப் பாக்க இதை விட நல்ல ஜோடி உலகத்துல எங்க கிடைக்கும்? ஆனா நாங்க எட்டுப் பேரும் காலைல டீக்கடையில ஜோர்டான், லெப்ரான்னு கத்திக்கிட்டிருக்கோம்.

கீத்து ஆறடி ரெண்டங்குலம். 2006ல இருந்து ஆஸ்திரேலியாவுல ரிங்வுட் அணிக்கு ஆடினவர். 2011ல அமெரிக்கப் பெண்கள் லீக்ல மூணு அணிகள் அவரைக் கூப்பிட்டுத் தேர்வு வெச்சுது. இடம் கிடைக்கல. அப்ப அவருக்கு 25 வயசு. கூடைக்கு அடியில ஆடறவங்களுக்கு ஒவ்வொரு ஆட்டமும் ஒரு மல்யுத்தம். எதிரணி எதுவா இருந்தாலும் ரெண்டு பேர் முதல்ல அவர் மேலதான் சாய்வாங்க. 2009 செப்டம்பர்ல ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் சென்னையில நடந்தப்போ, நானும் ரெண்டு நண்பர்களும் ரயிலேறிப் போய்ப் பாத்தோம். அரங்கத்துல அந்த இடிபாடு சத்தம் மேல வரைக்கும் கேட்டுது. 2014ல அர்ஜுனா விருது கொடுத்தாங்க.

அனிதா வெளியில நின்னு ஆட்டத்தை ஓட்டற ஆளு. 19 வயசுல இந்திய அணிக்கு கேப்டன். 2000ல இருந்து 2017 வரைக்கும் இந்தியாவுக்கு ஆடினார். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப். நடுவுல கல்யாணம், குழந்தை, திரும்பவும் வந்து ஆட்டம். 2017ல பெங்களூர்ல ஆசியக் கோப்பை பி பிரிவை ஜெயிச்சு இந்தியா மேல் பிரிவுக்குப் போச்சு பாருங்க, அந்த அணியில 32 வயசு அனிதா இருந்தார். 2021ல பத்மஸ்ரீ. பந்தை யார்கிட்ட எப்ப கொடுக்கணும்ங்கிற கண்ணு, முட்டி தேய்ஞ்சாலும் தேயறதில்ல. கட்டிங் மேஜை சொன்ன அதே பாடம்தான்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? பதினெட்டு வருஷம் ஒரு பொண்ணு ஆட முடிஞ்சுதுன்னா, பின்னாடி ரயில்வே வேலை இருந்துச்சு. மாசாமாசம் சம்பளம், ஆட லீவு, ஆடாத நாள்லயும் சோறு. நம்ம ஊர்ல கூடைப்பந்துன்னா தனி விமானம் கிடையாது. ரயில்வே, ஐ.சி.எஃப்., ஐ.ஓ.பி.ன்னு ஏதாவது ஒரு வேலைதான் ஆட்டக்காரனோட முட்டிக்கு இன்சூரன்ஸ்.

அது கிடைக்காதவங்க?

எங்க பள்ளிக்கூடப் பெண்கள் டீம்ல, எனக்கு ஒரு வருஷம் முந்தின செட்டுல, ஒரு அக்கா இருந்தாங்க. அஞ்சடி ஒன்பதங்குலம். கூடைக்கு அடியில அவங்க நின்னா பந்து வேற யாருக்கும் போகாது. மாவட்ட அணிக்கு ஆடினாங்க. பிளஸ் டூ முடிஞ்ச ஜூன் மாசம் ஷூ கம்பெனி பஸ் அவங்க தெருமுனைக்கு வந்துச்சு. ஏறிட்டாங்க. தையல் லைன். எங்க பக்கம் கம்பெனியில வேலை செய்றவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்கதான், விடியக்காலையில கிராமம் கிராமமா அந்த பஸ் வரும். அந்தக் காசுதான் எத்தனையோ வீட்டுல தம்பியைப் படிக்க வெச்சுது, நான் குறை சொல்லல. ஆனா அந்த அக்காவோட "முதுமை" 17 வயசுல ஆரம்பிச்சுது. கேப்டனாகறதுக்கு அனிதாவுக்குக் கிடைச்ச அந்த இன்னும் ரெண்டு வருஷம் இவங்களுக்குக் கிடைக்கல. ரெண்டு வருஷம் முந்தி ஒரு கல்யாணத்துல பாத்தேன். "இடுப்பு வலிடா தம்பி, உக்காந்து உக்காந்து"ன்னாங்க. அதே இடுப்பு நரம்பு வலிக்காக 2025 சீசன் தொடக்கத்துல லெப்ரானை ஒரு மாசத்துக்கு உக்கார வெச்சுப் பாத்துக்கிட்டாங்க. நவம்பர் 18ஆம் தேதிதான் இறக்கினாங்க. அக்காவுக்கு யார் உக்கார வெப்பாங்க? அவங்க வலியே உக்காந்துதான் வந்துச்சு.

யார் அழகாத் தேய்ஞ்சாங்கன்னு நாம பட்டியல் போடறோம். தேயறதுக்கே ஒரு இடம் வேணும் மக்களே.

இப்ப என் பாவக் கதை. 2008. எங்க டீம்ல பந்தை ஓட்டினது ஒரு அண்ணன். கட்டிங் செக்‌ஷன்ல வேலை. (மேல சொன்ன தோல் சமாசாரமெல்லாம் அவர்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டதுதான்.) நாள் பூரா நின்னுட்டு, சாயங்காலம் சைக்கிள்ல நேரா கிரவுண்டுக்கு வருவார். அப்ப அவருக்கு 34. எங்களுக்கெல்லாம் 21, 22. அவர் ஓட்டம் குறைஞ்சுட்டுது, எதிர் டீம் பசங்க சுத்தி ஓடிப் போயிடறாங்கன்னு எங்களுக்குள்ள ஒரு முணுமுணுப்பு. டோர்னமெண்ட்டுக்கு முந்தின வாரம் கிரவுண்டுலயே கூடி, கையைத் தூக்கச் சொன்னாங்க. பத்துப் பேர்ல எட்டுக் கை. அதுல ஒண்ணு என்னுது.

அண்ணன் ஒண்ணும் சொல்லல. "சரிப்பா, பசங்க ஆடுங்க"ன்னுட்டு, ஷூவைக் கழட்டி சைக்கிள் கேரியர்ல மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.

முதல் ஆட்டத்துலயே வேலூர் டீம்கிட்ட தோத்தோம். நல்லா ஓடினோம், பிரச்சனையே அது இல்ல. அஞ்சு பேரும் அஞ்சு பக்கம் ஓடினோம், யார்கிட்ட பந்து போகணும்னு ஒருத்தனுக்கும் தெரியல. கடைசி நிமிஷத்துல மூணு பாயிண்ட் பின்தங்கியிருக்கோம், நான் பந்தை வெச்சுக்கிட்டு, ஜோர்டான்னு நினைப்புல, ரெண்டு பேர் நடுவுல புகுந்து எறிஞ்சேன். போர்டுல கூட படல. மூலையில எங்காளு ஒருத்தன் தனியா நின்னு கையைக் காட்டிட்டிருந்தான்னு அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. டொராண்டோ ஆட்டத்தோட கடைசி அஞ்சு செகண்டை நான் ஏன் நாலு தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன்னு இப்ப புரியுதா?

அண்ணனுக்கு இப்ப 50 தாண்டிடுச்சு. ஏழெட்டு வருஷம் கிரவுண்டு பக்கமே வரல. அப்புறம் அவர் பையன் ஆட வர, கூட வந்து வேலி ஓரமா நின்னார். ஒருநாள் ஆள் குறையுதுன்னு கூப்பிட்டோம். இப்ப ஞாயித்துக்கிழமைகள்ல அரை கோர்ட் ஆடறார். ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டி உள்ள வர மாட்டார், எகிற மாட்டார். நின்ன இடத்துல நின்னு பந்தை வாங்குவார், யாருக்குப் போகணுமோ அவன் கைக்கு அது போயிருக்கும். எங்களை விட இருபது வயசு சின்னப் பசங்க, டீம் பிரிக்கும்போது "அங்கிள் எங்க சைடு"ன்னு அடிச்சுக்கறாங்க.

அந்தத் தீர்மானம் அண்ணனைக் குறி வெச்சு இல்லன்னு நண்பர் சொல்றார். "பசங்களுக்கு சான்ஸ் கொடுக்கணும்ல?" கொடுக்கணும். நிமிஷத்தைக் குறைங்க, முதல் அஞ்சுல வேணாம், பெஞ்சுல உக்கார வைங்க, ஸ்கோர் தாள்ல "கிழம்"னு கூட எழுதிக்குங்க, நான் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடறேன். பன்னெண்டு பேர் டீம்ல ரெண்டு இடம் 35க்கு மேலன்னு வைங்க, அதையும் பசங்க ஓட்டுப் போட்டே எடுக்கட்டும். அப்படியே பொம்பளைப் புள்ளைங்களுக்கும் ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கோர்ட்டை ஒதுக்குங்க, கம்பெனி பஸ் வராத நாள் அது ஒண்ணுதான். இந்த ரெண்டையும் பேப்பர்ல எழுதிக் கொடுத்திருக்கேன். "பாக்கலாம்"னு மடிச்சுப் பாக்கெட்ல வெச்சிருக்கார்.

ஓட்டெடுப்பு இந்த ஞாயித்துக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கிரவுண்டுல. நம்ம பதிவைப் படிக்கிற ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் ரெண்டு மூணு பேர் கிளப் மெம்பரா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். தூங்கிடாதீங்க, வந்து சேருங்க. டீ என் செலவு. பிரியாணியெல்லாம் கிடையாது.